யாரும் ஏறாத பாலம்

...சரி, பயம் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் எதைக் கண்டு பயம், அதைத்தானே ஒருத்தரும் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள், பாலம் ஆடுகிறதா, இல்லை, இற்றுப்போன இரும்பா, அதுவும் இல்லை, முந்தாநாள்தான் மண் ஏற்றிய லாரியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக் காட்டினார்கள், லாரிக்குப் பின்னால் சார்ஜெண்ட், படையில் எல்லாருக்கும் நட்டு, கையை வீசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தும் காட்டினான், இதற்கு மேல் ஒரு பாலம் தன்னை நிரூபிக்க என்னதான் செய்யும், தீக்குளிக்கவா முடியும்? மேஜர் தன் மடக்கு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து இதே வேலை, பாலத்தின் வாயில் தார்ப்பாயைக் கட்டி, நிழலில் உட்கார்ந்து, ஒரு ஜீவன் ஏறாதா என்று பார்த்துக்கொண்டிருப்பது, ஒரு மேஜர், அதுவும் பொறியாளர் படையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், சுங்கச்சாவடிக்காரி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும். பெரியவர் நேற்று ராத்திரி சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. பெரியவர் என்றால் படைத்தலைவர், முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் பெரியவர். “யாரும் நடக்காத பாலம் எதுக்கும்மா? ஆத்துக்கு மேல இருக்கற ஊர்ல இந்தப் பாலத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாயங்காலம் கூப்பிடுவேன். ஆள் போனா இருக்கட்டும், போகலைன்னா காலைல கழட்ட ஆரம்பிச்சிடு.” கழற்றுவதற்கென்றே செய்த பாலம்தான் இது, துண்டு துண்டாக லாரியில் வந்து இறங்கி, ஆணியும் முளையுமாகச் சேர்ந்து நின்றது, அப்படியே பிரிந்து லாரியில் ஏறிப் போய்விடும், அப்புறம் மழை வரும், மலைப்பக்கம் இப்போதே கறுத்துக் கிடக்கிறது, ஆற்றுத் தண்ணீர் நேற்றைவிட இன்று செம்மண் நிறம், வெள்ளம் வந்தால் மாசக்கணக்கில் இந்தக் கரை இந்தக் கரைதான், அந்தக் கரை அந்தக் கரைதான். ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது, பாதி ஊர் அங்கே இருக்கிறது. இது இவர்களுக்குத் தெரியாதா என்ன?

தெரியும், நன்றாகவே தெரியும், அதுதான் மண்டை காய்கிறது. சண்டையில் பழைய பாலத்தை யார் தகர்த்தது என்று இன்னும் வழக்கு நடக்கிறது, இக்கரைக்காரர்கள் அக்கரைக்காரர்களைக் கை காட்டுகிறார்கள், அவர்கள் இவர்களை, ஒப்பந்தம் கையெழுத்தாகி, இவளும் இவள் படையும் அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு வந்து இறங்கி, நடுவில் நின்று, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லி, வைத்த பிறகு என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் பாலம் போடலாம் என்று முடிவானபோது இரண்டு கரைப் பெரிய மனிதர்களும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து கை தட்டினார்களே, அந்தக் கைதட்டல் பொய்யா? பொய் மாதிரித் தெரியவில்லை. பாலம் கட்டுகிறபோது சின்னஞ்சிறுசுகள் முதல் கிழடுகட்டைகள் வரை கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒவ்வொரு துண்டு சேரும்போதும் ‘ஓ’ என்று சத்தம் போட்டார்கள், கடைசி முளை அடித்தபோது ஒரு அம்மாள் அழவே அழுதாள். அழுதவள் ஏறினாளா என்றால், ம்ஹூம். பயிற்சிக்காலத்தில் இருட்டில் பாலம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள், மழையில் போட, குண்டு விழும்போது போட, போட்ட பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கக்கூடச் சொல்லிக் கொடுத்தார்கள், போட்ட பாலத்தில் ஜனங்களை எப்படி ஏற வைப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. படைக்குப் போட்ட பாலத்தில் அந்தச் சிக்கலே வராது, ஏறு என்றால் ஏறுவான். அவளுக்குப் பிறவியிலேயே இந்த வியாதி உண்டு, ஒன்று ஏன் என்று தெரியாவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது, கல்யாணமான முதல் மாசமே வீட்டுக்காரர் சொன்னார், “எனக்குப் பொண்டாட்டின்னு வரலை, வேவு பாக்க வந்திருக்கே.” இன்று காலையிலும் போனில் கேட்டார், என்ன பண்றே என்று. உக்காந்துட்டு இருக்கேன் என்றாள். அதுக்கா கடல் தாண்டிப் போனே என்றார். நியாயமான கேள்வி.

எதிரே சாலைக்கு அந்தப்பக்கம் டீக்கடை, தகரக் கூரை, நாலைந்து முக்காலிகள், எல்லா முக்காலியும் பாலத்தைப் பார்த்து. காலையிலிருந்து அவள் பாலத்தைப் பார்க்கிறாள், அவர்கள் அவளையும் பாலத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், நல்ல கூத்து. நடு முக்காலியில் மெக்கானிக். லாரிப் பட்டறை வைத்திருந்தவராம், பட்டறை எரிந்துபோய் இப்போது டீக்கடையே கதி, வாட்டசாட்டமான ஆள், முன்கை இரண்டிலும் எண்ணெய்க் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்ட மாதிரி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு டீ குடிப்பார், தூரத்தில் வண்டி வந்தால் கண்ணைத் திறக்காமலேயே இன்ன வண்டி, இன்ன கோளாறு என்பார், நட்டு சார்ஜெண்ட் அவருடைய பரம ரசிகன், பாஷை தெரியாவிட்டாலும் இரண்டு பேரும் கையைக் காலை ஆட்டி மணிக்கணக்கில் ஸ்பானர் பேச்சுப் பேசுவார்கள். அந்த மெக்கானிக்கும் ஏறவில்லை. ஏன்யா ஏறலை என்று சார்ஜெண்ட் சைகையில் கேட்டதற்கு, அந்தப்பக்கம் எனக்கு என்ன வேலை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாராம். முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டதாம்.

துபாஷி வந்தாள். இந்தப் பெயரும் படை வைத்ததுதான், முன்பு நம் ஆட்கள் நடத்திய ஒரு கம்பெனியில் கணக்கெழுதியதில் பாஷை கற்றுக்கொண்டவள், முப்பது வயசிருக்கும், கூர்மையான வாய், இக்கரை ஆட்கள் பத்து நிமிஷம் பேசியதை ‘யோசிக்கறேங்கறாங்க’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பாள், மேஜர் ஒரு வார்த்தை சொன்னால் அதை அங்கே பத்து நிமிஷம் பேசுவாள், நடுவில் என்ன சேர்க்கிறாள், என்ன கழிக்கிறாள், ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வணக்கம் மேடம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, பையைக் கீழே வைத்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டதால்தான் மேஜர் பார்த்தாள். உடுப்பின் கீழ் விளிம்பு ஈரம், முழங்கால்வரை ஈரம், செருப்பில் ஆற்று மணல். அட. இன்று மட்டுமா, போன வாரமும் ஒரு நாள் இப்படித்தான் ஈரமாக வந்தாள், பைப்படியில் கால் கழுவினேன் என்றாளே, முழங்கால்வரையா கழுவுவார்கள்? கீழே ஆற்றின் வளைவில் நாணல் அடர்ந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் மேலாப்பாக ஓடும், அங்கே இறங்கிக் கடக்கலாம், கடக்கிறார்கள் என்று காவல்காரப் பையன்களும் சொன்னார்கள், அதிகாலையில், பெண்கள்தான் அதிகம் என்றார்கள். ஆக துபாஷியும் கடக்கிறாள், பக்கத்திலேயே மழமழவென்று பாலம் நிற்க, இவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கல்லும் முள்ளுமாகத் தண்ணீரில் இறங்குகிறாள், அந்தப் பாலத்தைக் கட்டிய படையிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு! கோபம் வரவேண்டும், வரவில்லை, ஆவல்தான் வந்தது, பல்லில் சிக்கிய நார் மாதிரி ஒரு ஆவல். “தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?” என்றாள் மேஜர். “எந்தத் தண்ணி மேடம்?” என்றாள் துபாஷி. பிடி கொடுக்கிற ஆளா அவள்.

வாயைக் கிளறிப் புண்ணியமில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, ஒரு வாரமாகக் கூட்டம் போட்டுக் கேட்டாயிற்று, வழுக்குதா, உயரமா இருக்கா, காவலுக்கு நிக்கற பசங்க முறைக்கறாங்களா, எல்லாத்துக்கும் ‘அதெல்லாம் இல்லை, ரொம்ப நல்ல பாலம்’ என்ற அதே பதில், நல்ல பாலம், நல்ல பாலம், செத்துப்போனவரைச் சொல்கிற மாதிரி... நானே நடந்து பார்க்கிறேன் என்று எழுந்தாள் மேஜர். கட்டியவள் ஜீப்பில் போயிருக்கிறாளே தவிர நடந்து போனதில்லை, இது இப்போதுதான் உறைத்தது. ஏறினாள். டங். நடைபாதை முழுக்க வரிவரியாகத் தடம் போட்ட இரும்புத் தகடு, இரண்டு முனையிலும் கொக்கியில் உட்கார்ந்திருக்கும், கால் வைத்தால் ஒரு மயிரிழை அசைந்து டங் என்னும், அடுத்த தகடு டிங் என்னும், அதற்கடுத்தது கொஞ்சம் கட்டைக்குரல், படைக்காரர்களுக்கு இந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும், பாலம் பேசுது மேடம் என்று சார்ஜெண்ட் பூரித்துப்போவான், காவலுக்கும் நல்லது, இருட்டில் எவனாவது பதுங்கி வந்தால் பாலமே காட்டிக்கொடுத்துவிடும், வேண்டுமென்றே விட்டுவைத்த சத்தம். டங், டிங், டங். நடு ஆற்றில் நின்று கீழே பார்த்தாள், தண்ணீர் நுரைத்துக்கொண்டு, வேகம் கூடித்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு மழை போதும். அக்கரையில் ஒரு வேலிக்குப் பின்னால் இரண்டு தலைகள் எட்டிப்பார்த்து மறைந்தன. காவல் பையன் சல்யூட் வைத்தான். திரும்பினாள். டங், டிங், டங், டிங். டீக்கடையில் மெக்கானிக் கண்ணை மூடியபடியே ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“என்ன சொன்னார்?” துபாஷி தலையைக் குனிந்துகொண்டாள். “ஒண்ணுமில்ல மேடம், சும்மா.” “சும்மாவைச் சொல்லுங்க.” “உங்களுக்கு இடது கால் வலிக்குதான்னு கேக்கறார். அந்தக் காலை லேசா இழுத்து வைக்கறீங்களாம்.” மேஜர் தன் இடது காலைப் பார்த்தாள். பயிற்சியில் முறிந்து கூடிய கால், மருத்துவப் பரிசோதனையில் டாக்டர்களே கண்டுபிடிக்காதது, வீட்டுக்காரருக்கே சொன்னால்தான் தெரியும், டீ குடிக்கிற ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு... இரு, இரு, ஒரு நிமிஷம் இரு. “நட்டு! இங்க வா. சமையல்காரரையும் கூப்பிடு. ரெண்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பாலத்துல போயிட்டு வாங்க. யார் முதல்ல போறதுன்னு எனக்குச் சொல்லாதே.” சார்ஜெண்டுக்கு மேடத்துக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று சந்தேகம், ஆனாலும் போனான். மேஜர் கண்ணை மூடிக்கொண்டாள். டங்டங்டங்டங், இது நட்டு, குதிகாலை ஊன்றி அவசரமாக நடப்பவன், இவனைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லலாம். டொங்... டொங்... இது சமையல்காரர், தொந்தியைச் சுமந்துகொண்டு. இவ்வளவு தெளிவாகவா கேட்கும்? ஆறு முழுக்கக் கேட்கிறது, சந்தை வரை கேட்கும், அக்கரையில் கடைசி வீடு வரை கேட்கும்... அடக் கடவுளே, நாம் பாலமா கட்டினோம், ஊரைக் கூப்பிட்டு யார் போகிறார்கள் என்று தண்டோரா போடுகிற மேளம் அல்லவா கட்டியிருக்கிறோம்.

கண்ணைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் சம்பந்தமே இல்லாமல் ஒரு கதவு ஞாபகத்துக்கு வந்தது, புகுந்த வீட்டுக் கதவு. மாமனாருக்கும் மூத்த மகனுக்கும் கடை விஷயமாகப் பெரிய ரகளையாகி, வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்து, அந்தப்பக்கத்து ஆட்களோடு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உத்தரவு, புதுசாக வந்த இவளுக்கு அந்தச் சண்டையில் என்ன பங்கு, ஓரகத்தியோ தங்கமான மனுஷி, மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு நடுக்கதவைத் திறந்துகொண்டு போனால் ஒரு டம்ளர் டீயும் ஊர்ப்பட்ட சிரிப்பும் உண்டு. ஆனால் கதவு கத்தும். கீல் துருப்பிடித்துப்போய், க்ரீச்ச்ச் என்று, தெருமுனை வரைக்கும். எத்தனை நாள் கையைக் கதவில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒரு நாள் தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து கீலில் விட்டாள், அன்றிலிருந்து கதவு ஊமை, அன்றிலிருந்து இரண்டு பேரும் அக்கா தங்கச்சி. அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள அதற்கப்புறம் ரொம்ப நாளாயிற்று, ஊரைக் கூட்டி, போட்டோ எடுத்து, பெரிய ராசி. ராசி பண்ணி வைத்தது நாங்கள்தான் என்று பஞ்சாயத்துப் பேசிய மாமாக்கள் எல்லாம் மார்தட்டினார்கள். மேஜருக்கு இப்போது சிரிப்பு வந்தது, இங்கே அந்த மாமா வேலைதானே நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கூடாரம் போட்டு, கை தட்டி, போட்டோ எடுத்து... எண்ணெய் யார் விடுவது?

“உங்களுக்கு அந்தப்பக்கம் யார் இருக்காங்க?” என்று துபாஷியிடம் கேட்டாள், அதிகாரியாக இல்லை, சும்மா, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. துபாஷி டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையின் வாரைத் திருகினாள். “தங்கச்சி,” என்றாள். “சண்டைக்கு முன்னாடியே அந்தப்பக்கத்துப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. இப்ப நிறைமாசம். முதல் குழந்தை தங்கலை மேடம்... இந்தத் தடவை ஆஸ்பத்திரிலதான் பெத்துக்கணும்னு அங்க வர்ற நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நான்தான் போய்ப் போய்ப் பாத்துட்டு வர்றேன். அவளால தண்ணில இறங்க முடியாது.” “பாலத்துல வரலாமே” என்று வாய் வரை வந்துவிட்டது, நல்லவேளை மேஜர் அதை விழுங்கினாள். துபாஷியே சொன்னாள். “எங்கப்பா எல்லார் முன்னாலயும் சொல்லிட்டார். நான் உசிரோட இருக்கற வரைக்கும் அவ இந்தக் கரையில கால் வைக்கக் கூடாது, வெச்சா நானே எழுந்து போய்த் திருப்பி அனுப்புவேன்னு. சொல்லி ரெண்டு வருஷமாச்சு. அவ நடை அவருக்குத் தெரியும் மேடம். முதல் தகட்டுல கால் வைக்கறப்பவே தெரிஞ்சுடும். அவருக்குத் தெரிஞ்சது கடையில இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சுடும். கண்ணைத் திருப்பிக்கலாம், காதை எங்க திருப்பறது, அப்புறம் அவர் எழுந்துதான் ஆகணும்.” மேஜர் மெல்லத் திரும்பி முக்காலிகளைப் பார்த்தாள். நடு முக்காலியில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மூக்கும் துபாஷியின் மூக்கும் ஒன்றேதான், இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

அதற்கப்புறம் மளமளவென்று வேலை நடந்தது. மெஸ் கூடாரத்தின் தரையிலிருந்த ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வா என்றாள், ஜெனரேட்டர் அறை விரிப்பையும், கிழிந்த டயர் கிடந்தால் அதையும், மணல் மூட்டைக்கு வந்த காலிச் சாக்கை மடித்துத் தகட்டுக்கும் கொக்கிக்கும் நடுவில் திணி என்றாள். சார்ஜெண்ட் தலையைச் சொறிந்தான். “மேடம், சத்தம் வந்தாத்தானே நம்ம பையனுக்கு ஆள் வர்றது தெரியும்? இருட்டுல எவன் வர்றான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?” நல்ல கேள்வி, படைக்காரன் கேட்கவேண்டிய கேள்விதான், அவளே கேட்டிருப்பாள், நேற்று வரை கேட்டிருப்பாள். “கண்டுபிடிக்க வேண்டாம்.” “வேண்டாமா?” “துப்பாக்கி வருதான்னு பாக்கட்டும். ஆள் யாருன்னு பாக்க வேண்டாம். பையன்களைச் சாலை வளைவுக்குக் கொண்டுபோய் நிறுத்து, விளக்கையும் கீழ் நோக்கித் திருப்பு.” “சமையல்காரர் என்னைக் கொன்னுடுவார் மேடம், மெஸ்ல தரை வழுக்கும்.” “நான் சொன்னேன்னு சொல்லு, என்னைக் கொல்லட்டும்.” மதியம் பூராவும் பையன்கள் குப்புறப் படுத்துச் சாக்குத் திணித்தார்கள், கம்பி போட்டு ரப்பரை இறுக்கினார்கள், டீக்கடை ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள், அவர்களில் ஒருத்தர்கூட இது எதுக்கு என்று கேட்கவில்லை, உலகத்தில் எந்தக் கரையிலாவது பட்டாளத்துக்காரன் பாலத்துக்குப் பாய் விரித்தால் ஏன் என்று கேட்காத ஆட்கள் உண்டா, இவர்கள் கேட்கவில்லை, அதுவே ஒரு பதில் மாதிரி இருந்தது. முடித்துவிட்டு நட்டு நடந்து காட்டினான். குதிகாலை ஊன்றித்தான் நடந்தான், வேண்டுமென்றே கொஞ்சம் மிதித்தும் பார்த்தான். ஒன்றுமில்லை, ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அவன் முகத்தில் பெற்ற பிள்ளை பேச்சை மறந்துவிட்ட சோகம்.

வெயில் சாய்ந்தது. மேஜர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலப் பாலத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரும் வரவில்லை, அக்கரை வேலிக்குப் பின்னால் தலைகள் மட்டும், ஏன் இன்னும்... ஏன் என்றால் நீ இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து முறைத்தால் எவள் வருவாள், கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மாமியாரைக் கதவடியிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்த கதை! எழுந்தாள். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டாள், பாலத்துக்கு முதுகு, டீக்கடைக்கு முகம். இது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடம் சொல்வது, வீட்டுக்காரர் பார்த்தால் நம்பமாட்டார், பிடரி தினவெடுக்கிறது, காது இரண்டும் தானாகப் பின்னால் போகிறது. “மேடம்,” என்றாள் துபாஷி, “நான் கொஞ்சம் போயிட்டு வரட்டுமா?” எங்கே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்து நின்றது, எப்போது வருவாய், தனியாகவா வருவாய், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. “போயிட்டு வாங்க,” என்றாள் மேஜர். துபாஷி முதுகுப்பக்கம் போனாள். செருப்புச் சத்தம் மண்ணில் கேட்டது, சரளையில் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. ஏறிவிட்டாளா? நின்றுவிட்டாளா? நாணல் பக்கம் இறங்கிப் போய்விட்டாளா, கூடாதே, தண்ணீர் கூடியிருக்கிறதே... திரும்பாதே, திரும்பினால் போச்சு.

பொழுது ஆமையாக நகர்ந்தது. அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் பெரியவர் கூப்பிடுவார், கூப்பிட்டார், கம்பியில்லாக் கருவி கரகரத்தது. “என்னம்மா, ஆள் போகுதா?” மேஜர் ஒரு மூச்சு விட்டாள். “போகுது சார்.” “பாத்தியா?” “பாக்கலை சார்.” “பின்னே?” “சத்தமே கேக்கலை சார்.” பெரியவருக்கு இந்த மாதிரிப் பதில் பழக்கமில்லை, கிண்டல் செய்கிறாளா, வெயிலா என்று யோசிப்பார். “சத்தம் கேக்கலைன்னா யாரும் போகலைன்னுதானேம்மா அர்த்தம்?” அப்படியும் இருக்கலாம் சார், அதுதான் சார் பிரச்சினை, எண்ணிப் பார்த்தால் வரமாட்டார்கள், வந்தால் எண்ண முடியாது, இதை எப்படி உங்களுக்கு... “ஒரு வாரம் குடுங்க சார். நான் பொறுப்பு.” “உன் பொறுப்புல பாலத்தை விட்டுட்டு நான் அங்க என்னத்தைப் போடறது, வாழைத்தண்டா?” என்றார் பெரியவர், கொஞ்சம் சிடுசிடுப்பாக, அப்புறம், “காலைல பேசுவோம், நீ கழட்டாம இரு,” என்று வைத்துவிட்டார். காலையில் பேசுவோமாம். ஒரு ராத்திரி கிடைத்தது. பொய் சொல்லிவிட்டோமா, உண்மை சொல்லிவிட்டோமா, அதுகூடத் தெரியவில்லையே, தன் வாயிலிருந்து வந்தது உண்மையா என்று தனக்கே தெரியாமல் ஒரு அதிகாரி அறிக்கை கொடுப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்போதுதான் மெக்கானிக் கண்ணைத் திறந்தார். எந்த வண்டியும் வரவில்லை, எந்தச் சத்தமும் இல்லை, ஏன் திறந்தார்? சத்தம் வராததாலேயே திறந்தாரோ? அவர் பார்வை மேஜரின் தோளுக்கு மேலே போய்ப் பின்னால் எங்கோ, பாலத்தின் நடுவில் எங்கோ குத்திட்டு நின்றது. மேஜர் அவர் முகத்தையே பார்த்தாள், பாலத்தைப் பார்க்க முடியாதவளுக்கு அந்த முகம்தான் பாலம், தாடை இறுகுகிறது, கன்னத்தில் ஏதோ துடிக்கிறது, யார், யார் வருகிறார்கள், ஒருத்தியா, இரண்டு பேரா, ஒருத்தியை ஒருத்தி தாங்கிக்கொண்டா? அவர் கை முழங்காலில் ஊன்றியது, எழுந்திருக்கப் போகிறார், எழுந்திருக்காதீங்க ஐயா, உங்க காலைப் பிடிக்கறேன், எழுந்திருக்காதீங்க... பக்கத்து முக்காலிக்காரர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரர் துடைத்த கண்ணாடி டம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார், ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. மெக்கானிக் எழுந்தார். எழுந்து நின்றார். அப்புறம் குனிந்து முக்காலியைத் தூக்கினார், திருப்பிப் போட்டார், கடைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது மேஜருக்குத் தெரிந்தது அந்த அகலமான முதுகு மட்டும்தான். அது கோபத்தில் திரும்பிய முதுகா, என் கண்முன்னால் வராதே, எனக்கு நீ பிள்ளையே இல்லை என்கிற முதுகா, இல்லை, வா, வந்து போ, நான் பார்க்கவில்லை என்று வழிவிடுகிற முதுகா? இரண்டு முதுகும் பார்ப்பதற்கு ஒரே மாதிரித்தானே இருக்கும். தோள் லேசாகக் குலுங்குகிற மாதிரி இருந்தது, இருட்டிக்கொண்டு வந்ததால் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்றால் துபாஷி பக்கத்தில் இல்லை.